தனியாகத் தூக்க முடிகிற பெட்டி

இசைக்கருவியை விமர்சிக்க முடியுமா? பாடலை விமர்சிக்கிறோம், பாடியவரை விமர்சிக்கிறோம், திரைப்படத்தில் பெண்ணை எப்படிக் காட்டினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கருவியை மட்டும் மலை மாதிரி, ஆறு மாதிரி, தானாக வந்த ஒன்றாக விட்டுவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் யாரோ எடுத்த முடிவுகள் இருக்கின்றன. எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், எந்த விளிம்பு எந்த விலா எலும்பில் படும் என்பதெல்லாம் ஓர் உடலை மனதில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. அந்த உடல் யாருடையது என்று கேட்பதும் பெண்ணிய விமர்சனத்தின் வேலைதான்.

இந்தக் கட்டுரை பேஸ் கிதாரையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் அப்படி வாசித்துப் பார்க்கிறது. பேஸ் கிதார் என்றதும் நம்மில் பலருக்கு உருவம் மனதில் வராது, ஒலி வரும். இளையராஜாவின் பாடல்களில் குரலுக்கு அடியில் தன் பாட்டுக்கு ஒரு தனிக்கதை சொல்லிக்கொண்டு போகுமே, அந்தத் தாழ்ந்த ஒலி. சாதாரண கிதாரில் ஆறு தந்திகள். இதில் பெரும்பாலும் நான்கு. தடித்தவை, நீளமானவை. மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியின் ஓர் அலை 8 மீட்டருக்கு மேல் நீளும். அதை ஓர் அரங்கம் முழுக்கக் கேட்க வைக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். இதுவரை இயற்பியல். 'ஆகவே பேஸ் பெரிய கைகளுக்கும் அகன்ற தோள்களுக்கும் உரியது' என்று இதன் வாலில் சேர்க்கப்படும் வாக்கியம் இயற்பியலில் சேராது. இரண்டையும் ஒன்றாகவே சொல்லிச் சொல்லி ஒட்டு தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். அந்த ஒட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

மின்சார பேஸ் கிதார் பிறந்ததே வசதிக்காகத்தான். அதற்கு முன் இசைக்குழுக்களில் தாழ்ந்த ஒலிக்கு டபுள் பேஸ்தான். ஆளுயரக் கருவி, தந்தியின் நீளம் மட்டுமே ஒரு மீட்டரைத் தாண்டும். ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்களுக்கு அதை வண்டியில் ஏற்றுவதே பெரும்பாடு. அப்படிக் கொண்டுபோனாலும் மற்றக் கருவிகளின் சத்தத்தில் அது அமுங்கிப்போகும். 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரத்தில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம். கழுத்தில் ஃப்ரெட்டுகள் உண்டு. வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலை. விரல் சற்று விலகினாலும் சுருதி பிசகாது. தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு இதற்கென்றே 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபையரும் வந்தது. அந்தப் பெயரையும் கவனியுங்கள்: வாசிப்பவர் ஆண் என்பது பொருளின் நெற்றியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் வந்த பிரிசிஷன் பேஸின் உடல் தட்டையான பலகை, விளிம்புகள் கூர்மையானவை. பலகை உடல் விலாவில் குத்துகிறது என்று கிதார் கலைஞர்கள் ஃபெண்டரிடம் சொன்னார்கள். 1954இல் வயிறு படும் இடமும் முன்கை படும் இடமும் இழைத்துச் சரிவாக்கப்பட்டன. 1977இல் நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அறைகலன் வடிவமைப்பாளர் ஸ்பெக்டர் பேஸுக்காக உடலின் வளைவோடு பொருந்தும் வடிவம் ஒன்றை உருவாக்கினார். நாற்காலி செய்கிறவருக்குத் தெரியும், மனித உடல் தட்டையானது இல்லை என்று. பின்னர் அவரே கழுத்தின் நுனியிலிருந்த தலையை நீக்கிவிட்டு, கருவி ஒரு பக்கமாகச் சாயாத பேஸ்களைச் செய்தார்.

இவை அத்தனையும் வசதிக்காகச் செய்த மாற்றங்கள். ஆண்களின் முதுகும் விலாவும் தோளும் வலித்ததால் நடந்தவை. இவற்றை யாரும் சலுகை என்று சொல்லவில்லை. வடிவமைப்பு என்றார்கள், புதுமை என்றார்கள். பியானோவிலும் இப்படித்தான். யோசெஃப் ஹோஃப்மன் 20ஆம் நூற்றாண்டின் மாபெரும் பியானோ கலைஞர்களில் ஒருவர். அவருடைய கைகள் சிறியவை. ஸ்டைன்வே நிறுவனம் கட்டைகளின் அகலத்தைச் சற்றுக் குறைத்து அவருக்கு பியானோ செய்துகொடுத்தது. அதனால் அவருடைய மேதைமை ஒரு துளியும் குறைந்ததாகக் கருதப்படவில்லை. (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவருடைய மகன் வருகிறார்.)

இதே வசதியைப் பெண் கேட்டால் சொல் மாறிவிடுகிறது.

1966இல் ஃபெண்டர் நிறுவனம் 'மஸ்டாங் பேஸ்' என்ற கருவியை வெளியிட்டது. தந்தி நீளம் 30 அங்குலம். இந்தக் குட்டை பேஸ்களுக்குக் கிடைத்த அடையாளம் 'மாணவர் கருவி'. கற்றுக்கொள்பவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, கை சிறியவர்களுக்கு. அதாவது முழுக் கலைஞராக இன்னும் ஆகாதவர்களுக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை 34 அங்குல பேஸில் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். 30 அங்குலத்தில் 11.4 சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் அற்பமாகத் தோன்றும். அதையே சுண்டுவிரலை விரித்துப் பிடித்தபடி மூன்று மணி நேரம் செய்து பார்த்தால் அற்பமாகத் தோன்றாது. தந்தியின் இழுவிசையும் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே தந்தியை அதே சுருதியில் 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை 22 சதவீதம் குறைகிறது. விரலுக்கு அவ்வளவு இலகு. ஒலி கொஞ்சம் மாறும், தெளிவு குறைந்து உருண்டு வரும். அதையும் தந்தியைத் தடிமனாக்கிப் பெருமளவு சரிசெய்யலாம்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸும் இந்தக் குட்டை வகைதான். வயலின் வடிவம், உள்ளே கூடு, எடையும் சொற்பம். பீட்டில்ஸின் பாடல்களைக் கேட்டு இது மாணவர் கருவியின் ஒலி என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர் கையில் அது 'தனித்துவமான ஒலி'. ஒரு பெண் கேட்டால் 'உன் கைக்கு இதுதான் சரிப்படும்'. மரமும் கம்பியும் ஒன்றுதான். பிடித்திருக்கும் கை மாறியதும் பொருள் மாறிவிடுகிறது.

பெண்களுக்கென்றே கருவி செய்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டில் டிஷ் சிரவோலோ என்ற பெண் அமெரிக்காவில் 'டெய்ஸி ராக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவரே பேஸ் வாசித்தவர். எங்கே வலிக்கும் என்று அறிந்தவர். மெல்லிய கழுத்து, இலகுவான உடல் என்று அவர் கொண்டுவந்த மாற்றங்கள் உண்மையானவை, தேவையானவை. ஆனால் அந்தக் கருவிகளில் பல பூ வடிவிலும் இதய வடிவிலும் ஜிகினா மினுக்கிலும் வந்தன. எனக்கு இளஞ்சிவப்போடு சண்டை இல்லை. பூ வடிவக் கிதாரைப் பார்த்துக் கண் விரிந்து கையில் எடுத்த சிறுமிகள் இருப்பார்கள். அது வீண் இல்லை. என் கேள்வி வேறு. மெல்லிய கழுத்து வேண்டுமென்றால் பூவையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று ஏன் ஆகிறது? ஸ்டைன்பெர்கரின் வளைவை வாங்கிய ஆண் அதோடு 'ஆண்களுக்கான வசதி' என்ற முத்திரையை வாங்கவில்லையே. அவனுக்குக் கிடைத்தது வெறும் நல்ல பேஸ்.

இங்கே உடனே ஒரு மறுப்பு வரும்: கேரல் கே வாசிக்கவில்லையா, சூஸி குவாட்ரோ வாசிக்கவில்லையா? வாசித்தார்கள். கேரல் கே 1960களின் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்தவர். 1969இல் பேஸ் கற்பிக்கும் நூலையும் எழுதி வெளியிட்டார். சூஸி குவாட்ரோவின் உயரம் ஏறத்தாழ 5 அடி. அப்பா கொடுத்த 1957ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் தொடங்கியவர். இன்று மும்பையின் மோஹினி தே, ஏ.ஆர். ரஹ்மானோடு மேடையேறியவர், பேஸில் காட்டும் வேகத்தை உலகமே வியந்து பார்க்கிறது. ஆகவே 'பெண் கை, சிறிய கை' என்று பொதுவாகச் சொல்வதை நாமே முதலில் மறுக்க வேண்டும். பெண்களுக்குள் கைகள் பலவிதம், ஆண்களுக்குள்ளும் பலவிதம்.

ஆனால் சாதித்த பெண்ணைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பது பழைய தந்திரம். 'அவளால் முடிந்ததே, உனக்கென்ன?' என்ற கேள்வி வீட்டில், கல்லூரியில், அலுவலகத்தில் எல்லாம் நாம் கேட்டு வளர்ந்ததுதான். சிலர் தாண்டியதால் சுவர் சுவர் இல்லை என்று ஆகிவிடாது. வாசிக்கும் முறையிலேயே இந்தச் சுவர் இருக்கிறது. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற விதியைப் பல பயிற்சிகள் கட்டாயமாக்குகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் சிமாண்டல் வகுத்த டபுள் பேஸ் முறையிலோ தாழ்ந்த இடங்களில் மூன்று சுரங்களுக்குள் கை நின்றுகொள்ளும்; மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தும்; அடுத்த இடத்துக்குக் கையையே நகர்த்துவார்கள். பெரிய கருவிக்கு மனிதக் கை எவ்வளவு விரியும் என்று அறிந்து வகுத்த முறை அது. 34 அங்குல பேஸுக்கு அது அருமையாகப் பொருந்தும். ஆனாலும் வலிக்க வலிக்க விரலை விரிக்கும் பயிற்சியே 'முறையான' பயிற்சி என்று சொல்லப்படும்போது, வலி ஒரு நுழைவுத் தேர்வாகிறது. பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்ட பெண்கள் அங்கேயும் பொறுத்துக்கொள்கிறார்கள். தசைநார் வீங்கிய பிறகு சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். 'ஆர்வம் போய்விட்டது' என்று ஊர் சொல்கிறது.

இன்னொரு முரணையும் பார்க்க வேண்டும். இதே ஃபெண்டர் தொழிற்சாலையில் பிக்கப் என்னும் காந்தச் சுருளைச் சுற்றியவர்களில் பலர் பெண்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பு அது. முடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் அறாமல் சுற்ற வேண்டும். அபிகெய்ல் இபார்ரா என்ற பெண் 1950களில் வேலைக்குச் சேர்ந்து 2013 வரை அங்கே இருந்தார். அவர் சுற்றிய பிக்கப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிச்சிகனின் கலமசூவில் இருந்த கிப்ஸன் தொழிற்சாலையில் கிதார்களைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கருவியின் ஒலியை உருவாக்க நுணுக்கமான கை என்று வேலைக்கு எடுக்கப்பட்ட அதே கை, கருவியை வாசிக்க வரும்போது சின்னக் கை ஆகிவிடுகிறது.

இனி பெட்டிக்கு வருவோம். பேஸ் கிதார் தனியாக ஒலிக்காது. ஆம்ப்பும் ஸ்பீக்கர் பெட்டியும் வேண்டும். 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற ஆம்ப்பைக் கொண்டுவந்தது. 300 வாட் சக்தி. பெரிய அரங்குகளில் மின்கிதார்களின் இரைச்சலுக்கு ஈடுகொடுக்கச் செய்தது. ஆம்ப் மட்டும் 38 கிலோவை ஒட்டி வரும். அதோடு வரும் பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. எடை 60 கிலோவுக்கு மேல். நம் வீட்டுக்கு வரும் நிரம்பிய கேஸ் சிலிண்டர் 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்துக் கட்டியது போல. இசைக்கலைஞர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'ஃபிரிட்ஜ்'. அரை நூற்றாண்டாக இதுதான் 'உண்மையான' பேஸ் ஒலியின் அளவுகோல்.

பெண்களால் கனம் தூக்க முடியாது என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம். தண்ணீர்க் குடமும் சிமெண்ட் சட்டியும் சிலிண்டரும் தூக்குகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அப்போதெல்லாம் பெண்ணின் மென்மையைப் பற்றி யாருக்கும் கவலை வந்ததில்லை. கேள்வி, இரவு 12 மணிக்கு நிகழ்ச்சி முடிந்தபின் இந்தப் பெட்டியை மாடிப்படி இறக்கி வண்டியில் ஏற்ற யாரை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்பது. குழுவில் உள்ள ஆண்கள் உதவுவார்கள். அந்த உதவி கிடைக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். உதவியவரின் கிண்டலுக்குச் சிரிக்க வேண்டும். யார் வண்டியில் இடம் இருக்கிறதோ அவர் கிளம்பும்போது கிளம்ப வேண்டும். தனியாகத் தூக்க முடிகிற பெட்டி இருந்தால், நினைத்த நேரத்தில் தனியாக வீடு திரும்ப முடியும். கருவியின் எடை என்பது ஒரு பெண்ணின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கும் விஷயம்.

இந்த எடை இயற்பியல் கேட்கும் விலையா? பாதிதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. தாழ்ந்த ஒலியில் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்பக்க ஒலியைச் சிறைப்படுத்தத்தான் பெட்டி. முழுக்க மூடிய பெட்டி ஒரு வகை. துளையோ குழாயோ வைத்தது இன்னொரு வகை; பாட்டில் வாயில் ஊதினால் ஓர் ஒலி வருமே, அதே தத்துவத்தில் அது தாழ்ந்த ஒலிக்குத் துணை செய்யும்.

ஹோஃப்மனின் மகன் இங்கேதான் வருகிறார். யோசெஃப் ஆண்டன் ஹோஃப்மன் இயற்பியலாளர். 1957இல் தொடங்கிய கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'ஹெச்' அவர்தான். பெட்டிகளைப் பற்றிய ஓர் இரும்பு விதி அவர் பெயரால் வழங்குகிறது: சிறிய பெட்டி, மிகத் தாழ்ந்த ஒலி, குறைந்த சக்தியில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் இதைக் கணக்காகவே வகுத்துத் தந்தார்கள். இப்போது எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று பள்ளிக் கணிதம் தெரிந்த எவரும் கணக்கிடலாம்.

அந்த ஃபிரிட்ஜ் எதை விட்டுக்கொடுத்தது தெரியுமா? தாழ்ந்த ஒலியை! அது மூடிய பெட்டி. 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி சரியத் தொடங்குகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் குறைந்துவிடுகிறது என்று அதன் விவரக்குறிப்பே சொல்கிறது. மிகத் தாழ்ந்த தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அடிப்படை ஒலி அதில் மெலிந்துதான் வருகிறது. நாம் பெரும்பாலும் கேட்பது அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸையும் மற்ற மேற்சுரங்களையும்தான். அடிப்படையை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. அது கம்பீரமான ஒலி, எனக்கும் பிடிக்கும். ஆனால் 'தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் கனம் தூக்கித்தான் ஆக வேண்டும்' என்ற வாதத்துக்கு அது சாட்சி ஆகாது.

வீட்டில் பெட்டி செய்பவர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். 60க்கு 45க்கு 40 சென்டிமீட்டர் அளவில், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைக்கும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் செய்தால் மரம் மட்டும் ஏறத்தாழ 17 கிலோ. 12 மில்லிமீட்டரில் 11 கிலோ. மெல்லிய பலகை அதிகம் அதிரும். தடிமன் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதற்கு மருந்து உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைப்பது. ஒரு கிலோ சட்டம், ஐந்து கிலோ பலகையின் வேலையைச் செய்யும். கனமான ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் காந்த ஸ்பீக்கர் என்றால் இன்னும் சில கிலோ குறையும். ஆம்ப்பும் இன்று டி வகையில் இரண்டு மூன்று கிலோவில் கிடைக்கிறது. எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்குள் அடங்கும். எட்டு ஸ்பீக்கர் பெட்டியின் சத்தம் இதில் வராது. தேவைப்பட்டால் இதே போல இன்னொன்று செய்து, இரண்டு நடையாக எடுத்துப் போகலாம்.

பெட்டியைத் தானே செய்பவர் கைப்பிடியை எடை சமமாக நிற்கும் இடத்தில் வைக்கலாம். முகப்பைச் சற்று மேல்நோக்கிச் சாய்க்கலாம். ஒலி முழங்காலைத் தாண்டிக் காதுக்கு வரும். தன் ஒலி தனக்குக் கேட்காதவர் தந்தியை ஓங்கி இழுப்பார், கை சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆகவே பெட்டியின் சாய்வுகூட விரலின் வசதிதான்.

ஆனால் 'வீட்டில் செய்தது' என்ற சொல்லுக்கும் பாலினம் உண்டு. பெண் வீட்டில் செய்த பொடியும் ஊறுகாயும் அன்பின் கணக்கில் போகும். ஆண் வீட்டில் செய்த ஸ்பீக்கர் பெட்டி அறிவின் கணக்கில் ஏறும். ஒரு மீட்டர் துணியில் ரவிக்கையின் முன்பாகம், பின்பாகம், கை என்று வீணாகாமல் வெட்டத் தெரிந்தவருக்கு, எட்டுக்கு நாலடி பிளைவுட்டில் ஆறு பக்கங்களை வெட்டத் திட்டம் போடுவது புதிய வித்தை இல்லை. தையல் இயந்திரம் பெண்ணின் கருவி, துளையிடும் இயந்திரம் ஆணின் கருவி என்ற பிரிவினையைத் தவிர வேறு எதுவும் நடுவில் நிற்கவில்லை.

இதையே முழுத் தீர்வு என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. இலகுவான காந்த ஸ்பீக்கர்கள் விலை கூடியவை. தோளைக் காப்பாற்றிக்கொள்ளவும் பணம் வேண்டியிருக்கிறது. மேலும், இசை வாசிக்க வந்த பெண் தச்சு வேலையும் கற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் அது இன்னொரு சுமை. நிகழ்ச்சி நடத்தும் அரங்கங்களே நல்ல பெட்டி ஒன்றை வைத்திருக்கலாம். வருபவர் கருவியை மட்டும் கொண்டுவந்தால் போதும். நிறுவனங்கள் குட்டை பேஸ்களை மலிவு வரிசையில் மட்டும் தள்ளாமல் தங்கள் சிறந்த மரத்திலும் சிறந்த பிக்கப்பிலும் செய்யலாம். பயிற்றுநர்கள் விரல் விரிக்கும் பயிற்சிக்கு முன் மாணவியின் கையைப் பார்க்கலாம். சொந்தமாகப் பெட்டி செய்யும் அனுபவம் தருவது வேறொன்று. எது விதி, எது யாரோ எடுத்த முடிவு என்று கையால் தொட்டு அறியும் தெளிவு. அந்தத் தெளிவு இருப்பவரிடம் 'பேஸ் என்றால் அப்படித்தான்' என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது.

இசை கற்கும் மாணவிகள் கருவி வாங்கப் போகும்போது ஒலியைக் கேட்பதோடு சிலவற்றையும் கேளுங்கள். எடை எவ்வளவு? தந்தி நீளம் எவ்வளவு? உட்கார்ந்து அரை மணி நேரம், நின்று அரை மணி நேரம் வாசித்துப் பார்க்கலாமா? தோள்வார் அகலமாக இருக்கிறதா? இதைவிடச் சிறியது இதே தரத்தில் இருக்கிறதா? கடைக்காரர் 'ஆரம்பத்தில் வலிக்கும், பழகிவிடும்' என்பார். விரல் நுனித் தோல் பழகும், உண்மை. மணிக்கட்டும் தோளும் முதுகும் பழகுவதில்லை, அவை தேய்கின்றன. அந்த வித்தியாசத்தை அவரிடமே சொல்லிவிட்டு, அடுத்த கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.